முன்வார்ப்பு வளைவுத் துண்டுகளால் தீ தாங்கும் தளம்: முதலில் கைவிடுவது எது?

புதுத்தளம் எழுதியது:

கீழே சரக்கு அறை, மேலே அலுவலகம். நடுவில் வரும் தளம் 90 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும். சென்ட்ரிங் அடித்து முழு ஸ்லாப் போட இடத்தில் வசதி இல்லை. அதனால் முன்வார்ப்பு ஜாயிஸ்ட் (சிறு உத்தரம்), அவற்றுக்கு நடுவே முன்வார்ப்பு வளைவுத் துண்டுகள், மேலே கான்கிரீட் என்று திட்டம்.

ஜாயிஸ்ட் நீளம் 4 மீ, அளவு 150 × 200 மி.மீ. வளைவு பாதத்திலிருந்து பாதம் 1.2 மீ, உச்சி உயரம் 120 மி.மீ, தடிமன் 50, ஒரு துண்டின் அகலம் 300. மேலே 50 மி.மீ கான்கிரீட். பயன்பாட்டு எடை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன்.

என் சந்தேகம் தடிமனைப் பற்றித்தான். 50 மி.மீ துண்டு தீயில் நிற்குமா, 75 ஆக்க வேண்டுமா? கூரையின் அடியில் பூச்சு தேவையா?

---

விசைக்கோடு எழுதியது:

தீக்குப் போகும் முன் கிடைவிசையை, அதாவது வளைவு பக்கவாட்டில் தள்ளும் உதைப்பைப் பாருங்கள். உங்கள் பதிவில் அது இல்லை.

சொந்த எடை, இடை நிரப்பு, மேல் கான்கிரீட், தரைப்பூச்சு, தடுப்புச் சுவர், பயன்பாடு எல்லாம் சேர்த்து 8 கி.நி/ச.மீ என்று வைத்துக்கொள்வோம். வளைவின் உதைப்பு = எடை × பாத இடைவெளியின் வர்க்கம் ÷ (8 × உயரம்). அதாவது 8 × 1.44 ÷ 0.96 = 12. ஜாயிஸ்டின் ஒவ்வொரு மீட்டருக்கும் 12 கி.நி பக்கவாட்டில் தள்ளுகிறது. உயரத்தை 60 ஆகக் குறைத்தால் இது 24 ஆகிவிடும். தளத்தின் மொத்தத் தடிமனைக் குறைக்கிறேன் என்று உச்சியைத் தட்டையாக்குபவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

நடு ஜாயிஸ்டுகளில் இடமும் வலமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கடைசி ஜாயிஸ்டுக்கு மறுபக்கம் யார்? 4 மீ நீளத்தில் மீட்டருக்கு 12 கி.நி என்றால் பக்கவாட்டு வளைமை 24 கி.நி.மீ. 150 மி.மீ அகல ஜாயிஸ்ட் அதைத் தாங்கவே தாங்காது. டை ராட் (ஜாயிஸ்டுகளை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டும் இரும்புக் கம்பி) வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் ஒரு பட்டையைக் கனமான தட்டை ஸ்லாபாக வார்க்க வேண்டும்.

கொஞ்சம் நகர்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். இந்த அளவு வளைவில் பாதங்கள் 5 மி.மீ விலகினால் உச்சி 9 மி.மீக்கு மேல் இறங்கும். உயரம் குறையக் குறைய உதைப்பு கூடும், கூடக் கூட இன்னும் விலகும். நல்ல பக்கம் திரும்பாத சுழற்சி அது.

---

கரண்டி72 எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று. வேலை நடக்கும்போதே இந்த உதைப்பு வந்துவிடும், மேல் கான்கிரீட் போடும்வரை காத்திருக்காது. ஒரு பக்கம் முழுக்க துண்டு அடுக்கிவிட்டு மறுபக்கம் காலியாக விட்டால், துண்டுகளின் சொந்த எடையே மீட்டருக்கு 1.9 கி.நி தள்ளும். 4 மீட்டருக்கு 3.8 கி.நி.மீ. 150 × 200 ஜாயிஸ்ட் பக்கவாட்டில் படும் இழுதகைவு 5 மெகாபாஸ்கல் வரும். எம்25 கான்கிரீட் (அமுக்கத்தில் 25 மெகாபாஸ்கல் தாங்குவது) இழுப்பில் 3.5-லேயே விரிசல் விடும். அந்த விரிசல் ஜாயிஸ்டின் பக்கத்தில் நேர்க்குத்தாக இருக்கும், பிறகு நிரப்பு மூடிவிடும், யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லா இடைவெளியிலும் சமமாக முன்னேறணும். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இரண்டு துண்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஜாயிஸ்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு 1.3 மீட்டருக்கும் மரத் தாங்கு கட்டை இறுக்கி வைக்கணும், வெளிப்பக்கம் கடைசி ஜாயிஸ்டுக்கு சாய்வு முட்டு கொடுக்கணும். கீழே நடுவில் ஒரு வரிசை முட்டு. மேல் கான்கிரீட் 14 நாள் ஆகும்வரை எதையும் கழற்றாதீர்கள்.

---

தீமதில் எழுதியது:

இப்போது கேட்ட கேள்விக்கு வருகிறேன். நண்பர் கவலைப்படும் 50 மி.மீ வளைவு இந்த அமைப்பில் தீக்குக் கடைசியாகப் பணிவது. அது அமுக்கத்தில் வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் கம்பி வலை சூடாகி வலுவிழந்தாலும் வளைவு விழாது, ஏனென்றால் அந்த வலை தூக்கிக் கையாளும் வசதிக்காக இருப்பது.

ஐஎஸ்ஓ 834 சோதனை வளைகோட்டில் உலை 30 நிமிடத்தில் 842 டிகிரி, 60-ல் 945, 90-ல் ஆயிரத்தைத் தாண்டும். தளம் மூன்று விஷயத்தில் தேற வேண்டும்: விழக்கூடாது, தீயும் புகையும் ஊடுருவக்கூடாது, மேல்முகத்தின் வெப்ப உயர்வு சராசரி 140 டிகிரியும் ஏதேனும் ஓர் இடத்தில் 180-உம் தாண்டக்கூடாது.

மூன்றாவதுக்குத் தடிமன்தான் பதில். யூரோகோடு 2 (ஐரோப்பியக் கான்கிரீட் விதிநூல்), அதன் தீப் பகுதி 60 நிமிடத்துக்கு 80 மி.மீ, 90-க்கு 100, 120-க்கு 120 கேட்கிறது. உங்களுக்கு உச்சியில் 50 + 50 = 100. போதும். எரியாத தரைப்பூச்சையும் கணக்கில் சேர்க்கலாம். பாதத்தருகே நிரப்பு கூடுவதால் இன்னும் தடிமன். ஆகவே 75 தேவையில்லை, எடைதான் ஏறும்.

ஜாயிஸ்டில்தான் சிக்கல். அதே அட்டவணையில் 90 நிமிடத்துக்கு 150 மி.மீ அகல உத்தரம் என்றால் கம்பியின் மையம் அடிமுகத்திலிருந்து 55 மி.மீ உள்ளே இருக்க வேண்டும். ஒரே அடுக்குக் கம்பி என்றால் மூலைக் கம்பிக்குப் பக்கவாட்டில் இன்னும் 10 சேர்த்து 65. இரண்டு பக்கமும் 65 போனால் 150-ல் மிஞ்சுவது 20 மி.மீ. அதற்குள் இரண்டு 16 கம்பியின் மையங்களை வைத்துப் பாருங்கள், நடுவில் 4 மி.மீ இடைவெளி. ஜல்லி எங்கே போகும்?

வழக்கமான 25 கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), 8 மி.மீ ரிங் (கம்பிகளைச் சுற்றும் வளையம்), 16 கம்பி என்றால் மையம் 41-ல் நிற்கிறது. அது ஒரு மணி நேரத்துக்கு ஓரளவு போதும், ஒன்றரைக்குப் போதாது. கம்பி 500, 600 டிகிரியைத் தொடும்போது வலு பாதியாகிவிடும்.

அகலத்தை 200 ஆக்குங்கள். அப்போது அடியில் 45, பக்கத்தில் 55. மூன்று 16 கம்பி மையத்துக்கு மையம் 45 மி.மீட்டரில் நிம்மதியாக உட்காரும். ரிங் 8 மி.மீ, கவர் பிளாக் அடியில் 30, பக்கத்தில் 40. இரண்டையும் ஒரே அளவில் வெட்டிப் போடாதீர்கள்.

---

இரும்புச்சட்டம் எழுதியது:

இது புதுப் பிரச்சினை இல்லை. 1790-களில் இங்கிலாந்து ஆலைகளில் செங்கல் வளைவுத் தளம் வந்தபோதே இதே கதை. ஷ்ரூஸ்பரியில் 1797-ல் முடிந்த டிதரிங்டன் ஆளி ஆலையில் தூணும் உத்தரமும் வார்ப்பிரும்பு, நடுவே செங்கல் வளைவு. மரம் இல்லை என்பதால் தீப்பிடிக்காத கட்டடம் என்றார்கள். எரியாதது வேறு, தீயைத் தாங்குவது வேறு என்று பின்னால் வந்த தீ விபத்துகள் காட்டின. வளைவு நின்றது, வெறுமையாகத் தெரிந்த இரும்பின் அடிப்பட்டை போனது. சூடான வார்ப்பிரும்பின் மேல் தீயணைப்பு நீர் பட்டால் வெடித்தே போகும். 1871 சிகாகோ தீக்குப் பிறகு சுட்டமண் ஓட்டு வளைவுகளில் பாதத் துண்டையே உத்தரத்தின் அடியைச் சுற்றிச் செருப்பு போல மூடும்படி வடித்தார்கள். அந்தச் செருப்பு வேலையைத்தான் இன்று கவர் செய்கிறது.

டை ராடும் அப்படித்தான். பழைய கட்டடங்களில் அது வளைவுக்குக் கீழே வெறுமனே தொங்கும். 16 மி.மீ கம்பி தீயில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 550 டிகிரி தொட்டுவிடும். அது போனால் ஓர வளைவு போகும், ஓர வளைவு போனால் அடுத்த ஜாயிஸ்டுக்கு எதிர்த்தள்ளல் இல்லை, சீட்டுக்கட்டுதான். அதைப் பூச்சுக்குள் ஒளிப்பதும் பயனில்லை, 12 மி.மீ பூச்சு முதல் கால் மணியில் உதிரும்.

---

புதுத்தளம் எழுதியது:

200 அகலம் சரி. ஜாயிஸ்ட் மையத்துக்கு மையம் அப்போது 1.4 மீ. டை ராடை மேல் கான்கிரீட்டுக்குள் போட்டால் தீக்கு மறைவாக இருக்குமே?

---

விசைக்கோடு எழுதியது:

மறைவாக இருக்கும், ஆனால் தப்பான மட்டத்தில் இருக்கும். உதைப்பு வருவது பாத மட்டத்தில், நீங்கள் இழுப்பது அதற்கு ஒன்றரைச் சாண் இல்லாவிட்டாலும் 150 மி.மீக்கு மேலே. ஓர ஜாயிஸ்ட் முறுகும்.

சரியான வழி: துண்டு வரிசையில் 150 மி.மீ இடைவெளி விட்டு, அங்கே குறுக்கு விலா ஒன்று இடத்திலேயே வார்த்து, டை ராடை அதன் நடுவில் புதைப்பது. கம்பியின் மையம் விலாவின் அடியிலிருந்து 55, பக்கங்களிலிருந்து 75. அதே அட்டவணைப்படி 90 நிமிடத்துக்குத் தேறும்.

உங்கள் 4 மீட்டருக்குக் கணக்கு அழகாக வருகிறது. நான்கு துண்டு, நடுவே மூன்று 10 மி.மீ மூட்டு: 1230. அப்படி மூன்று தொகுதி 3690. இரண்டு விலா 300. மொத்தம் 3990, மிச்சம் 10 விளையாட்டு. ஒரு இடைவெளிக்கு 12 துண்டு.

விலாவுக்கு விலா 1.38 மீ. ஒரு ராடில் இழுவிசை 12 × 1.38 = 16.6 கி.நி. 16 மி.மீ ராடின் மரையில் நிகரப் பரப்பு 157 ச.மி.மீ, தகைவு 105 மெகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீலுக்கும் சரி. 12 மி.மீ ராட் என்றால் மரைப் பரப்பு 84 தான், தகைவு 200-ஐ நெருங்கும், வேண்டாம். ராட் கணக்கைப் போடும்போது முழுப் பரப்பை எடுக்காதீர்கள், அறுவது எப்போதும் மரையில்தான். தகடு 100 × 100 × 10, நட்டையும் தகட்டையும் ஜாயிஸ்டின் வெளிமுகத்தில் பள்ளம் விட்டு உள்ளே இறக்கிக் கான்கிரீட்டால் மூடுங்கள். வெளியே தெரியும் நட்டு ஒன்று போதும் மொத்த ஏற்பாட்டையும் வீணாக்க.

ஓர இரண்டு இடைவெளிகளுக்காவது ராட் தொடர்ச்சியாகப் போகட்டும். எல்லா இடைவெளியிலும் போட்டால் ஒரு வளைவு உடைந்தாலும் பக்கத்தவை நிற்கும். சரக்கு அறைக்கு மேலே என்பதால் நான் எல்லாவற்றிலும் போடுவேன்.

---

கரண்டி72 எழுதியது:

துண்டு வார்க்கும் முறை யாரும் சொல்லவில்லை, அதனால்.

உள்முகத்தின் ஆரம் 1.56 மீ. அச்சை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, வளைவு மேல்நோக்கிய மேடை: செங்கல் கட்டி சிமெண்ட் மெழுகி அல்லது தகடு வளைத்து. மேல்முகத்தை வளைந்த மட்டப்பலகையால் இழுக்கணும். ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் சரிவளவு) 25-லிருந்து 40 மி.மீக்குள் இல்லாவிட்டால் கலவை பாதத்தை நோக்கி வழிந்து, உச்சி 40, பாதம் 60 என்று ஆகிவிடும். இரண்டாவது, பக்கவாட்டில் நிறுத்தி வார்ப்பது: 50 மி.மீ இடைவெளியில் இரண்டு வளைந்த தகடு, உயரம் 300. தடிமன் துல்லியமாக வரும், இரண்டு முகமும் வழவழப்பு. ஆனால் வலை ஒரு பக்கம் சாயும், அடிவிளிம்பில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் வரும். அச்சுமேல் அடிக்கும் வைப்ரேட்டர் இருந்தால் இதை எடுங்கள், இல்லாவிட்டால் முதல் முறையே மேல்.

கலவை 1 : 1.5 : 3 (சிமெண்ட், மணல், ஜல்லி), ஜல்லி 12 மி.மீக்குள், நீர் சிமெண்டில் பாதிக்கு மேல் போகக்கூடாது. துண்டுக்கு 0.0185 கன மீட்டர், சிமெண்ட் ஏழு கிலோ, ஒரு மூட்டைக்கு ஏழு துண்டு. எடை 45 கிலோ சுமார், இரண்டு பேர் தூக்கலாம். நடுத்தடிமனில் 3 மி.மீ கம்பி வலை.

பாதத்தின் முகம்தான் முக்கியம். அது வளைவின் அச்சுக்குச் செங்குத்தாக, அதாவது நேர்க்குத்திலிருந்து 22, 23 டிகிரி சாய்ந்து இருக்கணும். ஜாயிஸ்டின் பக்கத்திலும் அதே சாய்வு. நேர்க்குத்தாக வெட்டி விட்டால் ஒரு விளிம்பு மட்டும் தொடும், மீட்டருக்கு 12 கி.நி முழுக்க அந்தக் கோட்டில் இறங்கி சில்லு சில்லாகப் பெயரும். சாய்வு இருந்தால் ஜாயிஸ்டில் நீட்டியிருக்கும் உதடு துண்டை அடுக்கும்வரை தாங்கினால் போதும், பிறகு விசை நேராக ஜாயிஸ்டின் வயிற்றுக்குள் போய்விடும். உதட்டில் கம்பி இல்லாமல் விடாதீர்கள், தீயில் முதலில் தெறிப்பது கம்பியில்லாத மூலை.

அடுக்கி வைப்பது: ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து ஐந்து வைத்தால் அடித்துண்டின் உச்சியில் அடிப்பக்கம் 2.7 மெகாபாஸ்கல் இழுதகைவு. மூன்று நாள் வயசுத் துண்டு பிளக்கும். பக்கவாட்டில் நிறுத்தி வையுங்கள். ஏழு நாளாவது ஈரச்சாக்கு.

---

கல்தச்சன் எழுதியது:

துண்டுக்கு எம்60 போட்டால் இன்னும் பலமாக இருக்காதா? தடிமனை 35 ஆக்கலாமே.

---

தீமதில் எழுதியது:

தீக்கு அது எதிர்த்திசை. அடர்த்தியான கான்கிரீட்டில் ஆவி வெளியேற வழி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறி முகம் வெடித்துத் தெறிக்கும். அத்தகைய கலவை போட்டே ஆக வேண்டும் என்றால் கன மீட்டருக்கு 2 கிலோ பாலிபுரொப்பிலீன் நார் சேர்ப்பார்கள். நார் உருகி ஆவிக்கு வழி விடும். நம் சாதாரணக் கலவைக்கு அது தேவையில்லை.

50-ல் 15 தெறித்தால் 35 மிஞ்சும். 35-ல் 15 தெறித்தால்?

தெறிப்பைக் குறைப்பது ஈரத்தைக் குறைப்பதுதான். கான்கிரீட்டின் ஈரம் எடையில் 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெடித்துத் தெறிக்கும் வாய்ப்பு குறைவு. நீராட்டல் முடிந்ததும் துண்டுகளைக் காற்றோட்டமான நிழலில் உலர விடுங்கள். ஜல்லியில் தேர்வு இருந்தால் சுண்ணாம்புக்கல் எடுங்கள். குவார்ட்ஸ் உள்ள கல் 573 டிகிரியில் திடீரென்று பருக்கும். சுண்ணாம்புக்கல்லுக்கு அந்தக் குணம் இல்லை. யூரோகோடே அதற்காக உத்தரத்திலும் ஸ்லாபிலும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதம் சலுகை தருகிறது.

---

கல்தச்சன் எழுதியது:

நியாயம். இடை நிரப்புக்கு நுரைக் கான்கிரீட் போட்டால் எடையாவது குறையுமே. நிலக்கரிச் சாம்பல் போட்ட பழைய தளங்களும் உண்டு.

---

விசைக்கோடு எழுதியது:

சாம்பல் வேண்டவே வேண்டாம். எரியாத கரி மிச்சம் இருந்தால் தீக்குத் தீனி, கந்தகம் இருந்தால் இரும்புக்கு விஷம்.

நுரைக் கான்கிரீட்டில் லாபம் நினைப்பதைவிடக் குறைவு. 120 உயர வளைவில் நிரப்பின் சராசரி ஆழம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 மி.மீ. சாதாரண மெலிந்த கான்கிரீட் 0.8 கி.நி/ச.மீ, கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள நுரை 0.25. அரை கி.நி மிச்சத்துக்காக, வளைவைப் பாதத்துக்கும் உச்சிக்கும் நடுவே கெட்டியாகப் பிடித்திருக்கும் நிரப்பை இழக்கிறீர்கள். பீரோ ஒன்று வளைவின் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் அமுக்கவிசை செல்லும் கோடு வளைவின் அச்சை விட்டு விலகும். அப்போது 50 மி.மீ தனியாக நிற்கக்கூடாது, நிரப்பும் மேல் கான்கிரீட்டும் சேர்ந்து ஒரே தடிமனாக நிற்க வேண்டும். நுரை, ஈரத்தையும் நெடுநாள் பிடித்து வைக்கும். மேலே தீமதில் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜாயிஸ்டின் ரிங்குகள் தலைக்கு மேலே நீட்டி நிரப்பையும் மேல் கான்கிரீட்டையும் பிடிக்கட்டும். மேல் கான்கிரீட்டில் 6 மி.மீ கம்பி 200 இடைவெளியில் இரு திசையும்.

---

கரண்டி72 எழுதியது:

மூட்டு. எல்லாரும் கடைசியில் அவசரமாகப் பூசிவிட்டுப் போகும் இடம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே 10 மி.மீ, பக்கமுகம் மேலே கொஞ்சம் அகண்டு இருக்கிற மாதிரி அச்சிலேயே சரிவு கொடுங்கள். அடியில் கயிறு அல்லது பட்டை அடைத்து, துண்டை நனைத்து, 1 : 3 கலவை குத்திக் குத்தி நிரப்புங்கள். மேல் கான்கிரீட்டின் பால் இறங்கி அடைத்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், இறங்குவது பாதிதான். புகை அதன் வழியாகத்தான் மேலே வரும். சோதனைக்கு, இருட்டியபின் கீழே பளிச்சென்று ஒரு விளக்கு வைத்து மேலே நின்று பாருங்கள். வெளிச்சம் தெரிந்த இடமெல்லாம் திறந்த மூட்டு. நிரப்பு போடும் முன் இதைச் செய்யணும், பிறகு தெரியாது.

ஒயர் பைப்புக்குத் துளை வேண்டுமென்றால் வார்க்கும்போதே உச்சியருகே விடுங்கள். ஜாயிஸ்டின் அடியில் டிரில் போடவே கூடாது, கவரைத் துளைக்கிறீர்கள். பிளாஸ்டிக் பைப் தீயில் உருகி ஓட்டையாகிவிடும், அதைச் சுற்றி விரிந்து அடைக்கும் தீத்தடுப்புப் பட்டை தேவை. ஃபேன் கொக்கியை மூட்டில் இறக்கி, மேல் கான்கிரீட்டுக்குள் இரண்டு துண்டுமேல் படுக்கும் கம்பியில் மாட்டுங்கள்.

---

புதுத்தளம் எழுதியது:

அடிப்பூச்சுக் கேள்வி மட்டும் நிற்கிறது. ஜிப்சம் பலகை தொங்கவிட்டால் கூடுதல் நேரம் கிடைக்குமா?

---

தீமதில் எழுதியது:

இதே தளத்தோடு சேர்த்துச் சோதித்த பலகை அமைப்பு என்றால் கணக்கில் எடுக்கலாம். கடையில் வாங்கித் தொங்கவிட்டதை எடுக்க முடியாது. அதைத் தாங்கும் மெல்லிய தகட்டுச் சட்டம் முதலில் வளைந்து விழும். சாதாரண சிமெண்ட் பூச்சு வழவழப்பான வார்ப்பு முகத்தில் ஒட்டாது. அழகுக்காகப் பூசுங்கள், நிமிடத்துக்காகப் பூசாதீர்கள். 120 நிமிடம் வேண்டுமென்றால் 15 முதல் 20 மி.மீ வெர்மிகுலைட் பூச்சு, முகத்தைக் கொத்தி, வலையை ஆணியடித்துப் பிடிக்க வைத்து. அதுவும் ஜாயிஸ்டின் அடியைக் காக்கத்தான். 200 அகலத்துக்கு 120 நிமிட அட்டவணை 65 மி.மீ கேட்கிறது, உங்களிடம் 45 தான் இருக்கிறது.

வளைவு முகத்தை வெறுமையாக விடுவதில் இன்னொரு வசதி உண்டு. தீக்குப் பிறகு பார்க்க முடியும். கான்கிரீட் 300 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறும், அதற்கு மேல் சாம்பல் வெளுப்பு. சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் துண்டை மாற்ற வேண்டும்.

---

இரும்புச்சட்டம் எழுதியது:

ஒரு துண்டை மட்டும் மாற்றுவது என்றால், இருபக்க ஜாயிஸ்டுக்கும் நடுவே தாங்கு கட்டை இறுக்காமல் எடுக்கக்கூடாது. அந்த 300 மி.மீ நீளத்தில் உதைப்பு நின்றுவிடும், பக்கத்து இடைவெளி தள்ளிக்கொண்டுதான் இருக்கும். கீழே முட்டு, நடுவே கட்டை, மேலே எடையை அகற்று, அதன் பிறகு வெட்டு. குறுக்கு விலாவுக்குப் பக்கத்துத் துண்டு என்றால் விலாவையும் தட்டிப் பாருங்கள்.